சொக்சோ இயலாமைப் பென்ஷன்: நிலுவைப் பணம் எந்தத் தேதியிலிருந்து கணக்காகிறது?

சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் கேட்ட கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். செம்பனைக் குலை அறுக்கும் வேலையில் இருந்த அவருடைய கணவருக்கு, 48 வயதில், சென்ற ஆண்டு மார்ச்சில் பக்கவாதம் வந்தது. செப்டம்பர் கடைசியில் வேலை நின்றது. அக்டோபர் 1ஆம் தேதி, மலேசியத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் அலுவலகத்தில் மனு பதிவானது. இந்த ஆண்டு மார்ச் முடியும் தறுவாயில் அங்கீகாரக் கடிதம் வந்து, ஆறு மாதப் பணம் ஒரே தொகையாக வங்கிக் கணக்கில் சேர்ந்தது. நோய் வந்தது மார்ச்சில் என்றால் பணம் ஏன் அக்டோபரிலிருந்து வருகிறது, 12 மாதம் பின்னோக்கித் தருவார்கள் என்று காணொளியில் சொன்னார்களே, நடுவில் ஐந்து மாதத்தைக் கழித்துவிட்டார்களா என்று அவர் கேட்கிறார்.

உங்கள் கணவரின் பணத்தில் யாரும் எதையும் கழிக்கவில்லை, சகோதரி. ஐந்து மாதம், 12 மாதம் என்று நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் அமெரிக்கச் சட்டத்தின் கணக்குகள். நம் நாட்டில் சொக்சோ, அதாவது பெர்கேசோ, இயலாமைப் பென்ஷனைக் கணக்கிடும்போது நோய் எப்போது வந்தது என்பதை முதலில் பார்ப்பதில்லை. இயலாமை பற்றிய அறிவிப்பு, அதாவது உங்கள் மனு, எந்த நாளில் தன் கைக்கு வந்தது என்பதைத்தான் பார்க்கிறது. வேலையில் இருந்துகொண்டே மனுச் செய்தவராக இருந்தால் வேலை நின்ற தேதியும் கவனிக்கப்படும். உங்கள் விஷயத்தில் வேலை செப்டம்பரில் முடிந்து, மனு அக்டோபர் 1இல் பதிவானதால், அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆறு மாதம் என்பது சரியான கணக்கு.

அமெரிக்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் காணொளிகள் நம் தோட்டத்துக் குடும்பங்களின் கைப்பேசிகளில் இப்போது நிறையச் சுற்றுகின்றன. அங்கே வேலை செய்து சந்தா கட்டியவருக்கான திட்டத்தில், உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாமல் போன தேதியை முதலில் நிர்ணயம் செய்கிறார்கள். அந்தத் தேதிக்குப் பின் வரும் ஐந்து முழு மாதங்களுக்குப் பணம் கிடையாது. அதைத் தாண்டிய மாதங்களுக்கு, மனுச் செய்த மாதத்திலிருந்து பின்னோக்கி அதிகபட்சம் 12 மாதம் வரை தருகிறார்கள். ஆகவே அந்த 12 மாதமும் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், மனுவுக்கு 17 மாதங்களுக்கு முன்பே இயலாமை தொடங்கியதாக நிறுவப்பட வேண்டும். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கென்று அங்கே வேறொரு திட்டம் உண்டு. அதில் மனுவுக்கு முந்தைய மாதங்களுக்கு ஒன்றுமே கிடையாது. அந்தத் திட்டத்தில் நிலுவை பெரிதாக இருந்தால் ஆறு மாத இடைவெளியில் தவணைகளாகத் தருவார்கள். வழக்கறிஞர் வைத்துக்கொண்டால் நிலுவையில் 25 விழுக்காடு வரை, ஓர் உச்சவரம்புக்குள், அவர் கட்டணமாகப் போகும். இவை எவையும் சொக்சோவுக்குப் பொருந்தா. அந்தக் கணக்கை நம்பி, “எப்படியும் ஓராண்டு பின்னால் போட்டுத் தருவார்கள்” என்று இங்கே மனுவைத் தள்ளிப்போடுகிறவர் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பென்ஷனை இழக்கிறார். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த காலத்திலும், இப்போது மனுப் பாரம் (படிவம்) நிரப்பக் கேட்டு வருகிறவர்களுடன் உட்காரும்போதும், நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இழப்பு இதுதான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த தொகை சரிதானா என்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். கணவரின் சம்பளம் மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) என்றும், 20 ஆண்டு இடைவிடாமல் சந்தா பிடிக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சொக்சோ அந்த 1,800ஐ அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அதன் அட்டவணையில் 1,700க்கு மேல் 1,800 வரையுள்ள சம்பளம் எல்லாம் 1,750 என்றே வைத்துக்கொள்ளப்படும். பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தொழிலாளியின் பங்காக 8 வெள்ளி 75 காசு பிடித்திருப்பார்கள். அது 1,750இல் அரை விழுக்காடு. முதலாளி தன் பங்காக ஏறத்தாழ 1.75 விழுக்காடு கட்டியிருப்பார். பென்ஷனின் அடிப்படை விகிதம் அந்தச் சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காடு. முதல் 24 மாதச் சந்தாவுக்கு மேல் கட்டப்பட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒரு விழுக்காடு கூடும், ஆனால் 65ஐத் தாண்டாது. 20 ஆண்டு என்றால் 240 மாதம். அதில் 24 போக 216 மாதம், அதாவது பதினெட்டு முறை 12. கணக்குப்படி 68 விழுக்காடு வரும், உச்சவரம்பு அதை 65இல் நிறுத்திவிடும். 1,750இல் 65 விழுக்காடு 1,137 வெள்ளி 50 காசு. ஆறு மாதத்துக்கு 6,825 வெள்ளி. வங்கியில் சேர்ந்தது இந்தத் தொகைக்கு அருகில் இருந்தால் கணக்குச் சரி. சம்பளம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கியிருந்தால் சராசரி சற்று மாறும், குலை அறுப்பவர்களுக்கு அது இயல்புதான். ஆனால் நூற்றுக்கணக்கில் வித்தியாசம் தெரிந்தால், சந்தா சில மாதங்களுக்கு விடுபட்டிருக்கிறதா என்று சந்தாப் பதிவேட்டை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள். அவற்றுக்கான பணத்தைச் சொக்சோவிடம் தேடுவதில் பயனில்லை. அந்தப் பணம் இருந்தால் அது தோட்ட நிர்வாகத்திடம்தான் இருக்கும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலை என்று டாக்டர் சான்றளித்தால் 60 நாள் தனியே உண்டு. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்த 60 நாள் அந்த 22இலிருந்து கழிக்கப்படாமல் கூடுதலாகவே கணக்காகிறது. உங்கள் கணவருக்கு இவை முழுமையாகக் கொடுக்கப்பட்டனவா என்று ஏப்ரல், மே, ஜூன் சம்பளச் சீட்டுகளில் பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் வேலை எப்படி முடிந்தது? நிர்வாகம், உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முடித்ததா, அல்லது உங்கள் கணவரே விலகுவதாக ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டாரா? 1980ஆம் ஆண்டு வேலை நீக்கச் சலுகை விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் பணிபுரிந்தவரின் ஒப்பந்தத்தை முதலாளி முடித்தால், சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் தர வேண்டும். தானாக விலகியவருக்கு அது கிடையாது. 20 ஆண்டுச் சேவைக்கு அது 400 நாள் சம்பளம். சொக்சோ நிலுவையைவிடப் பல மடங்கு பெரிய தொகை. படுத்த படுக்கையாக இருக்கும் மனிதரிடம், “இதில் கையெழுத்துப் போட்டால்தான் சொக்சோ பாரத்தை அனுப்ப முடியும்” என்று சொல்லி விலகல் கடிதம் வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருந்ததை நான் அறிவேன், அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. அந்தக் கடிதத்தின் நகலைத் தேடி எடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த பின், தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையிடமோ தொழிலாளர் இலாகாவிடமோ நேரே காட்டுங்கள்.

உங்களைப் போன்ற நிலையில் இனி வரப்போகும் குடும்பங்களுக்காகவும் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். மனு தாமதமானால் நிலுவை குறைவது மட்டுமல்ல, தகுதியே கைவிட்டுப் போகலாம். முழு விகிதப் பென்ஷனுக்கு, அறிவிப்புச் சேர்ந்த மாதத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால், முதன்முதலில் சந்தா கட்டிய நாளிலிருந்து அறிவிப்பு வரையிலான மொத்த மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்காவது கட்டியிருக்க வேண்டும். அதுவும் 24 மாதத்துக்குக் குறையக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் இருந்தால், 24 மாதம் நிறைந்திருக்கும் பட்சத்தில், 50 விழுக்காடு என்ற குறைந்த விகிதம் கிடைக்கும். அதற்கும் கீழே போனால் பென்ஷன் இல்லை. 12 மாதமாவது கட்டியிருந்தால், கட்டிய சந்தாவை வட்டியோடு ஒரே முறையாகத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

30 மாதம் மட்டும் ஒரு குத்தகைக்காரரிடம் வேலை பார்த்துச் சந்தா கட்டிய ஓர் இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அவர் எங்கும் சந்தா கட்டியதில்லை. நோயால் வேலையை விடுகிறார். விட்ட கையோடு மனுச் செய்தால், 40 மாத விதியின்படியே முழு விகிதத்துக்குத் தகுதி பெறுகிறார். வீட்டுக்காரர்கள், “நாட்டு வைத்தியம் பார்த்து எழுந்து நடந்துவிடுவான்” என்று நம்பி ஆறு ஆண்டு காத்திருந்தால், மொத்தம் 102 மாதம் ஆகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு 34. அவர் கட்டியதோ 30. உடலின் நிலை அதேதான், ஆவணங்களும் அவையேதான், ஆனால் ஆயுளுக்கும் வர வேண்டிய பென்ஷன் போய்விட்டது. மறுபுறம், உங்கள் கணவரைப் போல நீண்ட காலம் கட்டியவருக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கு விதி பெரிய பாதுகாப்பாக இருக்கும். அவருக்குத் தாமதத்தால் போவது நிலுவை மட்டுமே.

வயதையும் மறந்துவிடக் கூடாது. அறிவிப்புச் சேரும்போது 60 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது பொது விதி. 60ஐத் தாண்டியவர், இயலாமை அதற்கு முன்பே வந்தது, அதன் பின் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை என்று சான்று காட்ட வேண்டியிருக்கும். இது எளிதான காரியமல்ல.

இயலாமை என்பதற்கும் சட்டத்தில் திட்டமான பொருள் உண்டு. குணமாகாத அல்லது குணமாக வாய்ப்பில்லாத நிரந்தர நோய் அல்லது ஊனத்தால், உடல்நலமுள்ள ஒரு தொழிலாளி வழக்கமாக ஈட்டும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாத நிலை அது. இதை முடிவு செய்வது மருத்துவ வாரியம். மனுவுக்கும் வாரியத்தின் முன் அழைக்கப்படுவதற்கும் இடையில் மாதங்கள் ஓடுவதால்தான் நிலுவை என்று ஒன்று உருவாகிறது. வாரியம் எத்தனை மாதம் கழித்துக் கூடினாலும் கணக்கு அறிவிப்புத் தேதிக்கே திரும்பிப் போகும் என்பதால், வாரியத்தின் தாமதம் உங்கள் பணத்தைத் தின்பதில்லை. நம்முடைய தாமதம்தான் தின்னும். சமூக நல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கியிருக்கிறோமே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது வேறு இலாகாவின் பதிவு. அந்த அட்டை வந்த தேதி சொக்சோவில் எந்த உரிமையையும் தொடங்கி வைக்காது.

ஆகவே பாரத்தை ஈப்போவுக்கோ அருகிலுள்ள வேறு சொக்சோ அலுவலகத்துக்கோ நேரில் கொண்டுபோகிறவர்கள், பெற்றுக்கொண்டதற்கான தேதி முத்திரையை ஒரு நகலில் போட்டு வாங்காமல் முகப்பை விட்டு நகரக் கூடாது. தோட்ட ஆபீசில் கொடுத்துவிட்டோம் என்பது கொடுத்ததாகாது. கிராணியின் மேசையில் ஐந்து வாரம் கிடந்த பாரம், சட்டத்தின் கண்ணில் அந்த ஐந்து வாரமும் இல்லாத பாரம். மருத்துவமனையின் அறிக்கை வரத் தாமதமாகும் என்றால், அதற்காக வீட்டில் காத்திருக்காமல் அலுவலகத்துக்குப் போய் நிலைமையைச் சொல்லி, எந்தத் தேதி பதிவாகும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வேலையில் நடந்த விபத்தால் வந்த இயலாமை என்றால் பாதை வேறு. குலை தலையில் விழுந்தாலும், லோரியில் கை நசுங்கினாலும், வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் அடிபட்டாலும் அது வேலை விபத்துத் திட்டத்தின் கீழ் வரும்; அதற்கு 24 மாதச் சந்தா போன்ற நிபந்தனை இல்லை. முதலாளி தனக்குத் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளாவது எம்.சி. (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்று) இருந்தால், எம்.சி. நாட்களுக்குச் சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக உதவியாகக் கிடைக்கும். முதலாளி சம்பளம் கொடுத்த நாளுக்கு அது கிடையாது. நிரந்தர ஊனம் எத்தனை விழுக்காடு என்று பின்னர் வாரியம் மதிப்பிட்டதும், தற்காலிக உதவி முடிந்த நாளைத் தொடர்ந்து நிரந்தர உதவி கணக்காகும் என்பதால் இங்கேயும் நிலுவை வரும். மதிப்பீடு 20 விழுக்காட்டைத் தாண்டினால், ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுத்துக்கொண்டு மீதியை மாதாமாதம் பெறலாம், அல்லது முழுவதையும் மாதாமாதம் பெறலாம். கையில் வரும் மொத்தப் பணத்தைப் பார்த்து அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. வெட்டிய பங்கு மாதத் தொகையிலிருந்து ஆயுளுக்கும் குறையும்.

குத்தகைக்காரர் சந்தாவைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் நம் ஊரில் அதிகம், ஏனென்றால் தோட்டங்களில் நிறைய வேலை இப்போது குத்தகைக்காரர் வழியாக நடக்கிறது. சட்டம் முதன்மை முதலாளியை, அதாவது குத்தகைக்காரருக்கு வேலையைக் கொடுத்தவரை, பொறுப்பாக்குகிறது. குத்தகைக்காரர் மூலம் வேலைக்கு வைத்த ஆளுக்கும் சந்தா கட்டப்படுவதை அவர்தான் உறுதி செய்ய வேண்டும். கட்டாத சந்தாவை ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியோடு வசூலிக்கும் அதிகாரம் சொக்சோவுக்கு உண்டு. எனவே அந்தப் பிரச்சினை தீர்ந்த பிறகு மனுச் செய்யலாம் என்று இருக்க வேண்டாம். முதலில் மனுவைப் பதிவு செய்துவிட்டு, சம்பளச் சீட்டுகளை அதனுடன் இணைத்துப் புகாரையும் கொடுங்கள். சீட்டு இல்லாதவர்கள் வங்கியில் சம்பளம் ஏறிய பதிவைக் காட்டலாம்.

மனு நிராகரிக்கப்பட்டால் பலர் சில மாதம் சோர்ந்திருந்துவிட்டுப் புதிய மனுவைப் போடுகிறார்கள். புதிய மனுவுக்குப் புதிய தேதிதான். இடைப்பட்ட மாதங்கள் எல்லாம் கணக்கிலிருந்து போய்விடும். முடிவுக் கடிதம் கிடைத்த 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்குப் போவதுதான் பழைய தேதியைக் காப்பாற்றும் வழி. மனுவுக்குப் பின், முடிவுக்கு முன், நோயாளி இறந்துவிட்டாலும் குடும்பம் வழக்கை விட்டுவிடக் கூடாது. உரிமைப் பணம் இறந்த நாள் வரை கணக்காகும். சந்தா நிபந்தனை நிறைந்திருந்தால் அதன் பின் மனைவிக்கு ஐந்தில் மூன்று, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு என்று வாரிசுப் பென்ஷன் தொடரும்.

நிலுவைத் தொகை வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் வாசலுக்கு வரும் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொக்சோவில் மனுச் செய்யக் கட்டணம் ஒன்றும் இல்லை. “நான்தான் முடித்துக் கொடுத்தேன்” என்று நிலுவையில் பங்கு கேட்கும் இடைத்தரகருக்கு நீங்கள் கடன்பட்டவர் அல்லர். வட்டிக்குப் பணம் கொடுத்தவர் ஏ.டி.எம். அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இங்கே நடக்கிறது. இந்த உதவிப் பணத்தைப் பெறும் உரிமையை யாருக்கும் அடகு வைக்கவோ எழுதிக் கொடுக்கவோ சட்டம் இடம் தருவதில்லை. அட்டை உங்கள் கணவரின் பெயரில் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், கணவரை நீங்களே குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, இரவிலும் எழுந்து திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆனால் அதற்கும் ஓர் உரிமை உண்டு. எந்நேரமும் ஒருவரின் துணை தேவைப்படும் நிலை என்று மருத்துவ வாரியம் சான்றளித்தால், பென்ஷனுடன் மாதம் 500 வெள்ளி பராமரிப்பு உதவித்தொகையாகச் சேரும். அங்கீகாரக் கடிதத்தில் அது குறிப்பிடப்படவில்லையென்றால், சிகிச்சை தரும் டாக்டரிடம் அவருடைய இப்போதைய நிலையை எழுதி வாங்கிக்கொண்டு, தனி மனுவாகச் சொக்சோவில் கொடுங்கள். பழைய மாதங்களுக்கும் சேர்த்துத் தருவார்கள் என்று எண்ணி இதையும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்வாருங்கள். நகலில் தேதி முத்திரை வாங்க மறவாதீர்கள்.